யானைமலை அடியில் ஒரு வாடகை வீடு

குருநாகலை எந்தத் திசையிலிருந்து நெருங்கினாலும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கரும்பாறைதான். படுத்திருக்கும் யானையைப் போன்றிருப்பதால் சிங்களத்தில் அதற்கு எத்துகல என்று பெயர். உச்சியில் 88 அடி உயரமான வெண்ணிறப் புத்தர் சிலை. அடிவாரத்தில் வாவி. அதற்கப்பால் மணிக்கூட்டுக் கோபுரமும் கடைத்தெருவும் ஓயாத பஸ் இரைச்சலுமாக நகரம். கொழும்பு, கண்டி, தம்புள்ளை, புத்தளம், நீர்கொழும்பு ஆகிய ஐந்து ஊர்களின் பாதைகளும் இங்கு வந்து கூடுகின்றன. கொழும்புக்கு ஏறக்குறைய 95 கிலோமீற்றர். கண்டிக்கு நாற்பதைச் சற்றுத் தாண்டும்.

இத்தகைய சந்தி ஊர் வளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். முன்னரே வடமேல் மாகாணத்தின் தலைநகராக இருந்த இந்த ஊருக்கு, 1988இல் மாகாண சபைகள் வந்தபோது அதனோடு திணைக்களங்களும் அலுவலகங்களும் வந்தன. தேங்காய் முக்கோணத்தின் பணம் முன்னரே இருந்தது. பிறகு ஆடைத் தொழிற்சாலைகள், வங்கிகள், தனியார் வைத்தியசாலைகள், ரியூசன் வகுப்புகள் என்று பெருகின. 2022 ஜனவரியில் மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான அதிவேகப் பாதை திறக்கப்பட்ட பின் காணி விலை ஏறிய வேகத்தைப் பற்றி இங்குள்ளவர்கள் பெருமூச்சோடுதான் பேசுவார்கள். மாவட்டம் என்று பார்த்தால் 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். கொழும்பு, கம்பஹாவுக்கு அடுத்தபடியாக நாட்டில் மூன்றாவது இடம். அதில் நூற்றுக்கு ஏழு பேரளவில் முஸ்லிம்கள்.

யானையோடு நில்லாமல் ஆமை, முதலை, விலாங்கு, ஆடு என்று சுற்றியுள்ள மலைகளுக்கெல்லாம் பிராணிகளின் பெயர்களே. ஒரு கொடிய வரட்சியில் பெரும் மிருகங்கள் வாவி நீரை ஒரே மூச்சில் குடித்துவிட வந்தனவாம். யாரோ ஒரு சூனியக்காரி அவற்றைக் கல்லாக்கிவிட்டாளாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தப் பாறை இரவில் திருப்பிக் கக்கும்போது, மிருகங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றனவோ என்று தோன்றும். கடற்காற்றில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு முதல் வருடம் உறக்கம் வருவது கஷ்டம்தான்.

இந்த ஊரில் முஸ்லிம்கள் நேற்று வந்தவர்களல்லர். 13ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் குருநாகல் சிங்கள மன்னர்களின் தலைநகராக விளங்கியது. புவனேகபாகு மன்னனுக்கு அஸ்வெத்தும என்ற ஊரின் முஸ்லிம் பெண்ணொருத்தியிடம் பிறந்த வத்ஹிமி என்ற இளவரசனைப் பற்றிய கர்ண பரம்பரைக் கதை இன்றும் இங்கு வழங்குகிறது. அவன் அரசேறுவதை விரும்பாத பிரதானிகள் அவனை எத்துகலவின் உச்சிக்கு அழைத்துச் சென்று தள்ளிக் கொன்றார்களாம். கலே பண்டார என்ற பெயரில் அவனுக்குரிய அடக்கத்தலத்தை இரு சமயத்தவரும் மதித்து வந்திருக்கின்றனர். அங்கு நடப்பவை பற்றி ஒரு மௌலவி என்ற முறையில் எனக்கு அபிப்பிராயம் உண்டு. அதற்கு இது இடமல்ல. நான் சொல்ல வருவது, அந்தக் கதையை முதன்முதலில் எனக்குச் சொன்னவர் ஒரு சிங்களப் பெரியவர் என்பதையே. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதாவும் ‘குனகார்’ என்றொரு தலைநகரையும், அதற்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷைகு உதுமான் என்பவரின் பள்ளிவாசலையும் குறிப்பிடுகிறார். அது குருநாகலே என்பார் சிலர். வேறு ஊர் என்பார் வேறு சிலர்.

இனி வீடு மாறி வருவோரைப் பற்றிப் பேசுவோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் சகோதரர்கள் புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இந்த மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். அது வேறு வகையான வருகை. அதனோடு இதை ஒப்பிடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. நான் சொல்வது தொழிலின் பொருட்டுத் தாமாகவே வருபவர்களை: ஆசிரியர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், தாதியர், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், புடவைக் கடையில் கூலிக்கு நிற்கத் தொடங்கி ஐந்து வருடத்தில் தனிக்கடை போடும் வாலிபர்கள். 2014இல் நாங்கள் அக்கரைப்பற்றிலிருந்து இப்படித்தான் வந்தோம். சாமான் லொறி அம்பாறை, மகியங்கனை தாண்டி அந்தப் பதினெட்டு வளைவுகளில் ஏறியபோது உடைந்த கண்ணாடி அலுமாரியின் கதவு இன்னும் பலகைதான்.

கிழக்கிலிருந்து வரும் குடும்பத்துக்கு ஒரு விசேட சிரமம் உண்டு. மேற்கிலும் மலைநாட்டிலும் வாழும் வாசகர்களுக்கு அது எளிதில் விளங்காது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். ஒரே வளவில், அல்லது வேலிக்கு அடுத்த வளவில், தாயும் ராத்தாவும் தங்கையும் வெவ்வேறு அடுப்புகளோடு வாழ்வார்கள். பிள்ளை அழுதால் எடுக்க நான்கு கை. கறி குறைந்தால் வேலிக்கு மேலால் ஒரு கோப்பை வரும். மாமியார் மருமகள் சண்டை என்று மற்ற ஊர்க் கதைகளில் படிப்பதெல்லாம் எங்கள் பெண்களுக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும்.

அந்தப் பெண்தான் ஒரு நாள் தன் பேரிலுள்ள வீட்டைப் பூட்டிச் சாவியை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்கும் யாரோ ஒருவரின் வீட்டில் குடியேறுகிறாள். சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். கணவனுக்கு மாறியது வேலைத்தலம் மாத்திரமே. சம்பளம் அதே நாளில் வருகிறது, பாடசாலையிலோ கடையிலோ பேச ஆட்கள் இருக்கிறார்கள், ஐவேளைத் தொழுகைக்குப் போனால் பத்துப் பேர் சலாம் சொல்கிறார்கள். இழப்பு முழுவதும் அவளுடைய கணக்கில் எழுதப்படுகிறது. இடம் மாறி வந்து ஒரு வருடத்துக்குள் திரும்பிப் போன குடும்பங்கள் சிலவற்றை நான் அறிவேன். எந்த வீட்டிலும் சம்பளம் போதாமை காரணமல்ல. பகல் எட்டு மணி தொடக்கம் மாலை ஐந்து மணி வரை அந்தப் பெண்ணோடு பேச ஒரு சீவன் இருக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே, வீடு பார்க்க வருபவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டால், பள்ளிவாசலுக்கு எத்தனை அடி, பஸ்ஸுக்கு எத்தனை அடி என்று அளக்குமுன் பக்கத்து வீட்டில் யார் என்று கேளுங்கள் என்பேன். ஒரு மௌலவி இப்படிச் சொல்லலாமா என்று சிலர் புருவத்தை உயர்த்துவதுண்டு. மதீனாவில் பனூ ஸலமா கோத்திரத்தார் மஸ்ஜிதுந் நபவிக்கு அருகே குடிமாற விரும்பியபோது, இருந்த இடத்திலேயே இருக்கும்படியும் அவர்களுடைய காலடிகள் எழுதப்படுவதாகவும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆண் நடக்கலாம். ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு. ஆனால் பக்கத்து வீட்டை நடந்து கடக்க முடியாது.

நகருக்குள்ளே தெலியாகொன்ன, சற்றுத் தள்ளி மல்லவப்பிட்டி, இன்னும் தள்ளிப் பறகஹதெனிய, பனகமுவ என்று நம்மவர் செறிந்து வாழும் இடங்கள் உண்டு. அங்கே வாடகைக்கு வீடு அகப்படுவது குறைவு. அகப்பட்டாலும் வந்தவர் வந்தவர்தான். எங்கள் ஊரில் ஒருவரை அறிய அவருடைய குடி என்ன என்று கேட்பார்கள். பள்ளிவாசல் மரைக்காயர்மாரும் குடிவழியாகவே வருவார்கள். இங்கே மஹல்லாப் பதிவும் மாதச் சந்தாவும். இந்தப் பதிவைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். நிகாஹுக்கு ஒரு கடிதம் தேவைப்படும்போதோ, எதிர்பாராத மௌத்து நேரும்போதோதான் எந்தப் பள்ளிக்கும் தாம் சொந்தமில்லை என்பது தெரிய வரும். வந்த மாதமே பள்ளிவாசல் அலுவலகத்தில் பெயரைக் கொடுத்துவிடுவது நல்லது. அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பேச்சும் ஒரு வேலிதான். நாமெல்லோரும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் என்று மேடையில் சொல்லிக்கொள்கிறோம். இங்கு வந்து முதல் வாரம் என் மனைவி ஒரு வீட்டுப் பெண்ணிடம் “மறுகா வாறன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பிறகு வருகிறேன் என்பதற்கு அதைவிட அழகான சொல் எங்களுக்குக் கிடையாது. அந்தப் பெண்ணோ, மறுகா என்பது யாருடைய பெயர் என்று அடுத்த நாள் விசாரித்தாராம்! அவர்கள் ‘இருக்கு’ என்பதை ‘ஈக்கி’ என்பார்கள். அதைக் கேட்டு எங்கள் மகள் வாய்பொத்திச் சிரித்தாள். ஆறே மாதத்தில் அவளும் ‘ஈக்கி’ என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

சிங்களம் தெரியாமல் இங்கு வாழ்வது வேறு கதை. கிழக்கில் ஒரு பெண் ஆயுள் முழுவதும் ஒரு சிங்களச் சொல்லும் பேசாமல் வாழ்ந்துவிடலாம். இங்கே கிளினிக்கில் வரிசையில் நிற்கும்போது தாதி “கொஹெத ரிதென்னே?” என்று கேட்பார். எங்கே நோகிறது என்பதுதான் கேள்வி. பல குடும்பங்களில் அதற்குக் கணவன் பதில் சொல்கிறார். நோவு ஒருவருக்கு, வாய் இன்னொருவருக்கு. பெண்களுக்கேயுரிய நோய்களை இப்படிச் சொல்லி எவ்வாறு வைத்தியம் பெறுவது? எங்கள் வீட்டில் சிங்களம் கற்பித்தவர் நானல்ல. அடுத்த வீட்டிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. சுவருக்கு அந்தப்பக்கம் நின்று கறிவேப்பிலையைக் காட்டி “கரபிஞ்சா”, தேங்காயைக் காட்டி “பொல்” என்று தொடங்கியவர், இரண்டாம் வருட முடிவில் என் மனைவியைத் தனியே கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார். அவர் இவரை ‘நங்கி’ என்பார். இவர் அவரை ‘அக்கே’ என்பார். பதிலுக்கு அவர் எங்களிடம் வட்டிலப்பம் செய்யப் படித்துக்கொண்டார். கித்துள் கருப்பட்டி போடுவதில் எங்களைவிட அவர் கை தாராளம்.

பிள்ளைகளின் படிப்புத்தான் பெற்றோரை அதிகம் மயக்கும் விடயம். பிரபல பாடசாலைகள் இருக்கும் நகரம் என்ற எண்ணத்திலேயே பலர் வருகிறார்கள். முதலாம் தர அனுமதிக்கு, கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்பதை வந்த பிறகே அறிகிறார்கள். வாடகை வீடு இரண்டு முறை மாறினால் முகவரியும் மாறிவிடும். இதற்காகப் பொய்யான வாடகை உடன்படிக்கை தயாரித்துத் தருவோரும் இருக்கிறார்கள். அல்லாஹ்வின் பெயர் சொல்லிப் படிப்பைத் தொடங்க வேண்டிய பிள்ளையின் கோவையில் முதல் தாளே பொய்யாக இருப்பதை நான் ஒருபோதும் ஆமோதிக்க மாட்டேன். கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்வதை முதல் வருடமே முடித்துவிட்டால் பாதிச் சிரமம் குறையும்.

அதைவிடப் பெரிய கேள்வி மொழிமூலம். தமிழ்மூல முஸ்லிம் பாடசாலையா, சிங்கள மூலமா, அல்லது இப்போது தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் ஆங்கிலக் கல்விச்சாலையா? சிங்கள மூலம் கற்று வைத்தியராகவும் சட்டத்தரணியாகவும் வந்த நம் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் உண்டு. அவர்களுடைய மார்க்கத்துக்கும் குறைவில்லை. இஸ்லாம் பாடத்தையும் சிங்களத்தில் கற்பிக்கிறார்கள். சில பள்ளிவாசல்களில் குத்பாவும் சிங்களத்தில் நடக்கிறது. ஆகவே சிங்கள மூலம் என்றாலே மார்க்கம் போய்விடும் என்று பயமுறுத்துவோரோடு எனக்கு உடன்பாடில்லை. என் கவலை வேறு. கிழக்கிலே வாழும் உம்மும்மா தமிழில் மட்டுமே பேசுவார், தமிழில் மட்டுமே துஆக் கேட்பார். பேரன் சிங்களத்தில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுகிறான் என்றால், விடுமுறைக்கு ஊருக்குப் போய் அவன் முற்றத்தில் விருந்தாளியாகத்தான் நிற்பான். வேர் இங்கே இறங்கும் வரைக்கும் அங்குள்ள வேரை வெட்டக் கூடாது. ஆரம்பப் பிரிவு முடியும் வரை தமிழ்மூலம், தெருவில் சிங்களம் என்பது என் கட்சி. என் பிள்ளைகள் இருவரையும் அருகிலுள்ள சாதாரண முஸ்லிம் பாடசாலையிலேயே சேர்த்தேன். கூரை ஒழுகும், ஆசிரியர்கள் நல்லவர்கள்.

2019ஐப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின், மே மாதம் 13ஆம் திகதியையொட்டி, இந்த மாவட்டத்தின் குளியாப்பிட்டி, ஹெட்டிபொல, கினியம, கொட்டம்பிட்டிய ஆகிய பகுதிகளில் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. தொடர்ந்து, நகரிலுள்ள வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்மீது சுமத்தப்பட்ட பழி நாடெங்கும் பேசப்பட்டது. அது நிரூபிக்கப்படவில்லை, பிற்பாடு அவர் மீண்டும் சேவையில் அமர்த்தப்பட்டார். ஆனால் அந்த மாதங்களில் கறுப்பு அபாயா அணிந்த பெண்ணொருத்தி குருநாகல் பஸ்ஸில் ஏறுவது என்றால் என்ன என்பதை ஏறியவர்கள்தான் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து தொலைபேசிக்கு மேல் தொலைபேசி. வந்துவிடுங்கள், தொழில் போனால் போகட்டும், உயிர் முக்கியம் என்றார்கள். வந்து குடியேறிய குடும்பங்கள் சில அந்த வாரமே புறப்பட்டன. அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. எங்கள் வீட்டுக்கு அந்த ஆசிரியை வந்தார். ஊரடங்கு வேளையில் பின்பக்கக் கதவால் வந்து, பாணும் பருப்பும் வைத்துவிட்டு, தன் வீட்டுச் சாவியில் ஒன்றை என் மனைவியின் கையில் கொடுத்தார். அப்போது ரமழான், நோன்பு திறக்கும் நேரம் அவருக்கு நிமிடக் கணக்காகத் தெரிந்திருந்தது. நாங்கள் போகவில்லை. அந்தச் சாவி இல்லாவிட்டால் போயிருப்போமா என்று என்னைக் கேட்டால், போயிருப்போம் என்றே சொல்வேன்.

ஊர் நினைவு என்பது பலவீனமல்ல. மக்காவை விட்டு வந்த ஸஹாபாக்களுக்கு மதீனாவின் காய்ச்சல் பிடித்தது. பிலால் (ரழி) அவர்கள் மக்காவின் புல்லையும் நீரையும் மலைகளையும் நினைத்துக் கவி பாடியதை ஹதீஸ் கிரந்தங்கள் பதிவு செய்துள்ளன. நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை. மதீனாவை அவர்களுக்குப் பிரியமாக்கும்படி அல்லாஹ்விடம் கேட்டார்கள். அதே மதீனாவில்தான், தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்த ஸஅத் இப்னு ரபீஃ (ரழி) அவர்களிடம் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் சந்தைக்கு வழி கேட்டு, பாற்கட்டியும் நெய்யும் விற்றுச் சொந்தக் காலில் நின்றார்கள். சந்தைக்கு வழி கேட்பது ஆணுக்கு எளிது. வீட்டிலிருப்பவளுக்கு வழி காட்டும் அன்ஸாரிப் பெண் யார் என்பதைத்தான் நம் மஹல்லாக்கள் யோசிக்க வேண்டும். புதுக் குடும்பம் வந்தால் நிர்வாகம் சந்தாப் புத்தகத்தோடு வருகிறது. அதற்கு முந்திய நாள் இரண்டு பெண்கள் ஒரு பாத்திரம் கஞ்சியோடு போனால் என்ன?

இப்போது எங்களுக்கு முன்னால் நிற்பது வேறொரு விடயம். மகளுக்குப் பதினான்கு வயது முடிந்துவிட்டது. எங்கள் ஊர் வழக்கப்படி பெண் பிள்ளை பிறந்த அன்றே தகப்பன் சீமெந்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவான். மாப்பிள்ளை வீட்டார் வீடு கேட்டு வாங்குவது மார்க்கத்துக்கு முரணானது. மஹர் கொடுக்க வேண்டியவன் வீடு கேட்பது வெட்கக்கேடு என்று மிம்பரில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கேளாமல், தகப்பன் தன் மகளுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரையை அன்பளிப்பாகக் கொடுத்து வைப்பதில் ஒரு காப்பு இருக்கிறது. எங்கள் பெண்கள் எவராலும் தெருவில் விடப்படாமல் இருப்பதற்கு அந்த வழக்கமும் ஒரு காரணம். கொடுப்பதென்றால் எங்கே? குருநாகலில் ஒரு பேர்ச் காணியின் விலையை ஆசிரியர் சம்பளத்தால் வகுத்துப் பார்த்தால் விடை வருவதில்லை. அக்கரைப்பற்றில் மாமியின் வளவில் ஒரு மூலை இருக்கிறது. ஆனால் மகளின் தோழிகள், பாடசாலை, பேச்சு எல்லாம் இங்கே. அவளைக் கேட்டால், “வாப்பா, இரண்டு இடத்திலயும் ஈக்கிறதுக்கு ஏலாதா?” என்கிறாள். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. பூட்டி வைத்த தன் வீட்டின் கறையானைப் பற்றி மாத்திரம் ஒவ்வொரு தொலைபேசியிலும் விசாரிக்கிறார்.

சென்ற விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மாமி எங்களை அந்த மூலைக்கு அழைத்துச் சென்றார். நான்கு பக்கமும் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தது. யார் கட்டியது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகள் பிறந்த வருடம் அவர் நட்ட தென்னம்பிள்ளை கயிற்றுக்கு உள்ளே நின்று காய்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது ஒரு சாக்கு நிறையத் தேங்காயை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தென்னை நாடான குருநாகலுக்குத் தேங்காய் கொண்டு போவதைப் பார்த்துக் கண்டி பஸ் நிலையத்தில் கொண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தான். அரைச் சாக்கை அடுத்த வீட்டு ஆசிரியைக்குக் கொடுத்தோம். ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு, எங்கள் தேங்காயில் இவ்வளவு எண்ணெய் கிடையாது என்றார்.